கலைச்சொல் வேண்டும்: ஃபோர்ஸ் கேமரா, கோஸ்டிங் – வெள்ளிக்குள்

செ.வ., கோவை:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரியில் அடுத்த மாதம் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற கணினிச் சுடும் விளையாட்டில் அணிப் போட்டி நடக்கிறது. விதிமுறைத் தாள் தமிழிலும் வர வேண்டும் என்று கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சுற்று, அணி, இடைவேளை எல்லாம் முடிந்தது. இரண்டு சொற்களில் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முதலாவது, ஃபோர்ஸ் கேமரா. ஒரு சுற்றில் செத்த வீரர் அந்தச் சுற்று முடியும்வரை ஆட முடியாது. மற்றவர் ஆடுவதைத் திரையில் பார்க்கலாம். யார் ஆடுவதைப் பார்க்கலாம் என்பதை செர்வரில் உள்ள ஓர் அமைப்பு தீர்மானிக்கிறது. 0 என்று வைத்தால் எதிரணி உட்பட யாரையும் பார்க்கலாம். 1 என்றால் தன் அணியை மட்டும். 2 என்றால் யாரையும் பார்க்க முடியாது, திரை கறுத்துவிடும். போட்டிகளில் 1 வைப்பார்கள்.

இரண்டாவது, கோஸ்டிங். செத்தவரோ வெளியே இருந்து பார்ப்பவரோ, எதிரணி ஆள் எங்கே நிற்கிறான் என்பதை, பார்க்கக்கூடாத வழியில் பார்த்து, இன்னும் ஆட்டத்தில் இருக்கும் தன் ஆளிடம் சொல்வது. சென்ற ஆண்டு வேறொரு கல்லூரியில் விதிகளை ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்தார்கள். முதலாண்டுப் பையன் ஒருவன் எதிரணித் திரையை எட்டிப் பார்த்து நண்பனிடம் சொல்லிவிட்டான். சுற்றைப் பறித்தபோது, அது தப்பு என்றே தெரியாது என்று அழுதான். அதனால்தான் கேட்கிறேன், படித்தவுடன் புரிகிற சொல்லாக வேண்டும்.

பு.சா., தஞ்சாவூர்:

தம்பிக்கு வாழ்த்துகள். முதல் வேலையாகக் கேமராவை எடுத்துவிடுங்கள். ஒளிப்படக்கருவி என்ற நல்ல சொல் இருக்கிறது. கட்டாய ஒளிப்படக்கருவி என்று போட்டால் முடிந்தது.

கோஸ்டிங்குக்கு ஆவி, பேய் என்று போய்விடாதீர்கள். நம் இலக்கணத்தில் இதற்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. உடன்போக்கில் செல்லும் தலைவனையும் தலைவியையும் சுரத்திடையே எதிர்ப்படுகிறவர்கள் பேசுவது கண்டோர் கூற்று. அவர்கள் என்ன பேசுவார்கள்? பொழுதும் ஆறும் ‘உட்குவரத் தோன்றி’ என்கிறது தொல்காப்பியத்தின் அகத்திணையியல். பொழுது சாய்கிறது, வழி அச்சம் தருவது, ஊர் இன்ன பக்கம் என்று சொல்வார்கள். ‘கண்டோர் மொழிதல் கண்டது என்ப’ என்று முடிகிறது நூற்பா. வழியில் உள்ள ஆபத்தைப் பார்த்தவன் போகிறவனுக்குச் சொல்வது. நீங்கள் கேட்ட பொருள் இதுதானே? குறுந்தொகையின் ஏழாம் பாட்டும் இந்தக் கூற்றுத்தான். ஆகவே என் பரிந்துரை: கண்டோர் கூற்று.

ந.சி., யாழ்ப்பாணம்:

ஐயா, நூற்பா அழகாகப் பொருந்துகிறது, ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது. கண்டோர் எந்தப் பக்கத்து ஆட்களும் இல்லை. வழியில் எதிர்ப்பட்ட அயலார். கோஸ்டிங்கில் சொல்பவர் ஒரு அணியின் ஆள். பக்கம் சார்ந்து சொல்வதால்தான் அது குற்றமாகிறது.

கமராவைப் பற்றி: நாங்கள் கமரா என்றுதான் எழுதுவோம், அது இருக்கட்டும். இங்கே படம் எடுக்கும் கருவியே கிடையாது. யாருடைய கண் வழியாகத் திரை காட்டுகிறது என்பதுதான் விஷயம். ‘கட்டாய ஒளிப்படக்கருவி’ என்று தாளில் கண்டால், எல்லோரும் ஆளுக்கொரு கமரா கொண்டுவர வேண்டுமாக்கும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். பார்வை என்ற சொல்லிலிருந்து தொடங்குவோம்.

தூய்மைக்கும் ஒரு வார்த்தை. வடசொல்லை ‘வடவெழுத்து ஒரீஇ’, அதாவது வடவெழுத்தை நீக்கி, எடுத்துக்கொள்ளத் தொல்காப்பியரே வழி சொல்லியிருக்கிறார். கேமராவும் கமராவும் நம் எழுத்துக்குள் வந்து வெகுகாலமாகிறது.

மு.க., சென்னை:

உள்ளூர்ப் போட்டிகளில் நடுவராக இருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். பார்வை என்று தொடங்குவது சரி. ஆனால் ‘பார்வையாளர்’ என்ற ஒரே சொல்லை மூன்று ஆட்களுக்குப் போட்டுவிடாதீர்கள். செத்த வீரர் ஒருவர், பயிற்றுநர் ஒருவர், அரங்கிலோ நேரலையிலோ பார்க்கும் ரசிகர் ஒருவர். மூவருக்கும் விதி வேறு.

ரசிகருக்குத் தடுப்பு, தாமதம். நேரலையை ஒன்றரை நிமிடம், அதற்கு மேலும் தாமதித்து விடுவது வழக்கம். பெரும்பாலும் இரண்டு நிமிடம்கூட ஓடாத சுற்றில், பழைய செய்தியால் பயன் இல்லாமல் போகும். அரங்கிலேயே இருக்கும் கூட்டத்தைத் தாமதிக்க முடியாது. அதனால்தான் வீரர்களின் காதில் இரைச்சல் அடைக்கும் கருவி.

பயிற்றுநருக்கு நடந்த கதை பெரியது. 2016 ஆகஸ்டில், இந்த விளையாட்டை உருவாக்கிய வால்வ் நிறுவனம், தன் பெரும்போட்டிகளில் பயிற்றுநர் வீரரோடு பேசுவதை ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சி நேரம், பாதி இடைவேளை, 30 வினாடி இடைநிறுத்தங்கள் நான்கு என்ற அளவில் சுருக்கியது. ஐந்து பேர் ஆட்டம் ஐந்து பேராலேயே ஆடப்பட வேண்டும் என்பது வாதம். பிறகு 2020. பயிற்றுநரின் பார்வை தன் வீரரோடு ஒட்டாமல் வரைபடத்தின், அதாவது ஆட்டக்களத்தின், ஓர் இடத்தில் அப்படியே நின்றுவிடும் ஒரு பிழை வெளியே வந்தது. அந்த இடத்தைக் கடந்து போகும் எதிரணி ஆட்கள் அவருக்குத் தெரிவார்கள். பழைய ஆட்டப் பதிவுகளைத் தேடி எடுத்துப் பார்த்து, அந்த ஆண்டு செப்டம்பர் கடைசியில் மின்விளையாட்டு நேர்மை ஆணையம் 37 பயிற்றுநர்களுக்குத் தடை விதித்தது. தன் அணியை மட்டும் பார்க்கலாம் என்ற விதி அத்தனை ஆட்டங்களிலும் இருந்தது. விதி இருந்தும் கண் வெளியே போய்விட்டது.

ஆகவே எனக்கு வேண்டியது, கண்ணைக் கட்டுவதற்கு ஒரு சொல், வாயைக் கட்டுவதற்கு வேறு சொல். பேச்சை நடுவர் பிடிக்க முடியாது. வீட்டிலிருந்து ஆடுபவன் டிஸ்கார்ட் என்ற பேச்சுச் செயலியில் என்ன பேசுகிறான் என்று யாருக்குத் தெரியும்? பார்வையைத்தான் செர்வரால் பூட்ட முடியும்.

அ.ர., திருச்சி:

ஒரு கேள்வி. 0 என்று வைத்தால் இரண்டு அணிக்கும் அதேதானே? இருவருக்கும் ஒரே வசதி என்றால் அநியாயம் எங்கே வந்தது?

மு.க., சென்னை:

நல்ல கேள்வி தம்பி. முதலில் ஆளை இழந்த அணிக்கு முதலில் அந்த வசதி கிடைக்கும். நாலு பேர் ஆட, ஒருவன் எதிரணி முழுவதையும் பார்த்துச் சொல்வான். ஆளைப் பறிகொடுத்ததற்குப் பரிசு கொடுத்த மாதிரி ஆகிவிடும். கடைசி ஒருவன் நாலு பேரை எதிர்த்து நிற்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். செத்த நால்வரும் அவனுக்கு வழி சொல்லிக்கொண்டே இருப்பார்கள், அவன் ஒலி கேட்டு, கணக்குப் போட்டு ஆட வேண்டிய ஆட்டம் செத்துப்போகும்.

தன் அணியை மட்டும் என்றாலும் போதாது. டஸ்ட் 2 என்ற வரைபடத்தில் லாங் என்ற பகுதியின் கதவை ஒட்டி ஒருவன் நிற்கிறான் என்று வையுங்கள். தலையை நீட்டாமல் அவனுக்கு அந்தப் பக்கம் தெரியாது. நீட்டினால் எதிராளிக்கும் அவன் தெரிவான், அதுதான் ஆட்டத்தின் நியாயம். ஆனால் செத்த நண்பன் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்து பார்க்கும் பின்தொடர் கேமராவில் இருந்தால், அதைச் சுழற்றி மூலைக்கு அப்பால் எட்டிப் பார்த்துவிடலாம். நின்றவன் தலையை நீட்டவே வேண்டாம். அதனால் போட்டியில் அவன் கண்ணில் தெரிவது மட்டுமே நண்பனுக்கும் தெரிய வேண்டும். கையேட்டில் இந்த வரி கட்டாயம் வேண்டும்.

பொழுதுபோக்கு ஆட்டத்தில் 0 வைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். புதியவர்கள் திறமைசாலியின் ஆட்டத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

இரா.மா., மதுரை:

பார்வைக் கட்டு என்று வையுங்கள். கண்கட்டு, வாய்க்கட்டு, ஊர்க்கட்டு என்று எல்லோரும் புழங்குகிற சொல். 0 கட்டில்லை, 1 அணிக்கட்டு, 2 முழுக்கட்டு. மூன்று நிலைக்கும் பெயர் வந்துவிட்டது.

செ.வ., கோவை:

நன்றாக இருக்கிறது அண்ணா. பார்வை வரம்பு என்றும் ஒரு நண்பர் சொன்னார்.

ந.சி., யாழ்ப்பாணம்:

வரம்பு வேண்டாம் என்பது என் எண்ணம். திரையில் எத்தனை பாகை அகலம் தெரிய வேண்டும் என்பதற்கு இந்த விளையாட்டுகளில் தனி அமைப்பு உண்டு. பார்வை வரம்பு என்றால் பிள்ளைகள் அதைத்தான் நினைப்பார்கள். கட்டு சரி.

இன்னொன்று. ‘செத்தவர்’ என்று அச்சில் போகப் போகிறீர்களா?

பு.சா., தஞ்சாவூர்:

பட்டோர் என்று எழுதலாம். போரில் பட்டான் என்பது நடுகல்லில் உள்ள சொல். இல்லையென்றால் வீழ்ந்தோர்.

ந.சி., யாழ்ப்பாணம்:

ஐயா, அந்த இரண்டு சொல்லும் எங்கள் ஊரில் வேறு பாரம் சுமப்பவை. விளையாட்டு விதித்தாளில் அவற்றைப் படிக்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். தயவுசெய்து வேண்டாம்.

பு.சா., தஞ்சாவூர்:

சரி அம்மா. விட்டுவிடுகிறேன்.

அ.ர., திருச்சி:

ஆட்டமிழந்தவர்? வானொலியில் கிரிக்கெட் வர்ணனை கேட்ட எல்லோருக்கும் தெரிந்த சொல்.

செ.வ., கோவை:

அதையே எடுத்துக்கொள்கிறேன். இனிக் கோஸ்டிங்.

பு.சா., தஞ்சாவூர்:

கண்டோர் கூற்று வேண்டாம் என்றால் ஒற்று. ‘ஒற்றும் உரைசான்ற நூலும் இவையிரண்டும் தெற்றென்க மன்னவன் கண்’ என்கிறார் வள்ளுவர். ஒற்றனே மன்னனின் கண். கண்ணைப் பற்றிய விதிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்?

மு.க., சென்னை:

ஐயா, அந்த அதிகாரத்தில் ஒற்று மன்னனின் கடமை. செய்யாத மன்னனுக்கு வெற்றி இல்லை என்கிறார். அதை எப்படிக் குற்றத்துக்குப் பெயராக வைப்பது? விளையாட்டுக்குள்ளேயே எதிரணியை நோட்டம் பார்ப்பது முறையான வேலை. அதற்குத்தான் ஒற்று பொருந்தும். பள்ளிப் பிள்ளைக்கோ ஒற்று என்றால் மிகும், மிகாது என்ற நினைப்புத்தான் வரும்.

இரா.மா., மதுரை:

துப்புக் கொடுத்தல் என்று வைக்கலாம். துப்பு நம் பழைய சொல். வலிமை என்று ஒரு பொருள், பவளம் என்று ஒரு பொருள், உணவு என்று ஒரு பொருள். ‘துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி’ என்ற குறளைக் காட்டி வள்ளுவர் காலத்திலேயே துப்பாக்கி இருந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. துப்பு ஆக்கி, அதாவது உணவை உண்டாக்கி என்ற வினையெச்சம் அது. சுடும் துப்பாக்கி துருக்கிய வழியில் வந்தது. யாழ்ப்பாணத்தார் சொல்லும் துவக்கும் அதற்கு உறவாகத்தான் இருக்க வேண்டும். துய்த்தலில் இருந்து துப்பு, அதிலிருந்து நுகர்ந்து அறிதல், அறிந்ததன் அடையாளம், அதிலிருந்து துப்பறிதல் என்று இந்த வளர்ச்சியை நான் தனியாக விரித்து எழுத முடியும். துகிர் என்ற பவளப் பெயரையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ந.சி., யாழ்ப்பாணம்:

துவக்கின் கதையைத் தனி இழையில் எழுதுங்கள் அண்ணா, கட்டாயம் படிப்பேன்.

மட்டுறுத்துநர்:

நாளை வியாழன். தம்பிக்கு நேரம் இல்லை. கோஸ்டிங்குக்கு முன்வந்தவை: கண்டோர் கூற்று, ஒற்று, துப்புக் கொடுத்தல். காட்டிக்கொடுத்தல் என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். அது சொந்த அணிக்குத் துரோகம் என்ற பொருள் தருவதால் சேர்க்கவில்லை. இன்று இரவுக்குள் கருத்துச் சொல்லுங்கள்.

அ.ர., திருச்சி:

துப்புக் கொடுத்தல். கோஸ்டிங் என்ற சொல்லையும் ஒருமுறை பக்கத்தில் எழுதுங்கள். ஆடுபவர்கள் வாயில் அதுதான் இருக்கிறது.

மு.க., சென்னை:

துப்பு. ஆனால் ஆட்டத்தில் இருக்கும் வீரர்கள் ஒருவருக்கொருவர் சொல்வதும் துப்புத்தான். ‘விதிமீறித் துப்புக் கொடுத்தல்’ என்று முழுசாக எழுதுங்கள்.

ந.சி., யாழ்ப்பாணம்:

சம்மதம்.

செ.வ., கோவை:

எல்லோருக்கும் நன்றி. அச்சுக்குப் போவது இது:

‘பார்வைக் கட்டு: போட்டி முழுவதும் அணிக்கட்டு நடைமுறையில் இருக்கும். ஆட்டமிழந்தவர் தன் அணி வீரரின் கண்ணில் தெரிவதை மட்டுமே பார்க்கலாம். பின்தொடர் கேமரா கிடையாது. எதிரணித் திரையையோ நேரலையையோ பார்த்துத் தன் அணிக்குச் சொல்வது விதிமீறித் துப்புக் கொடுத்தல். ஆட்டக்காரர்கள் கோஸ்டிங் என்பது இதைத்தான். அந்தச் சுற்று எதிரணிக்குப் போகும். பயிற்றுநரின் திரையில் பிழை தெரிந்தால் அவர் உடனே நடுவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருப்பதும் குற்றம்.’

பு.சா., தஞ்சாவூர்:

கடைசி வரி அருமை தம்பி. பெரும்பான்மை துப்பு என்கிறது, அச்சிடுங்கள். என் மாற்றுக் கருத்தும் பதிவில் இருக்கட்டும். கேமராவும் கோஸ்டிங்கும் விதித்தாளுக்குள் வர வேண்டிய தேவை இல்லை. பின்தொடர் நோக்கு என்று எழுதியிருந்தால் ஒரு மாணவனுக்கும் புரியாமல் போயிருக்காது. தாளின் அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி கேட்பேன்.