டிஸ்னி ஹாஃப் மாரத்தான்: 12 கிலோமீட்டர் தாண்டினால் முழங்கால் வலி

ஜனவரியில் ஆர்லாண்டோவில் நடக்கும் டிஸ்னி வேர்ல்ட் ஹாஃப் மாரத்தானில் நான், கணவர், 15 வயது மகள் மூவரும் ஓடுகிறோம். 21.1 கிலோமீட்டர். ஒரு மைலுக்கு 16 நிமிடத்துக்கு மேல் எடுத்தால் ஓட்டத்தை நிறுத்தி வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

எனக்கு 12 கிலோமீட்டர் தாண்டியதும் வலது முழங்காலின் வெளிப்பக்கம் சுருக்கென்று குத்துகிறது. செப்டம்பர் கடைசியில் ஆரம்பித்தது. வீக்கம் இல்லை. சமதரையில் நடந்தால் அடங்கும், படி இறங்கினால் உயிர் போகிறது. தசைநார் உரசல் என்கிறார் பிசியோ. ஷூ மாற்றினேன், ஐஸ் வைத்தேன், சில நாள் ஓடாமல் இருந்தேன், அவர் சொன்ன இடுப்புப் பயிற்சியும் விடாமல் செய்கிறேன். நீண்ட ஓட்டம் என்றால் மறுபடி அதே இடம், அதே வலி. சிண்ட்ரெல்லா கோட்டைக்குள் மூவரும் சேர்ந்து ஓட வேண்டும் என்பது மகளின் ஆசை.

இதே வலியோடு ஓடியவர்களே, ஆரம்பத்திலிருந்தே ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று போனால் 21 கிலோமீட்டர் கால் தாங்குமா?