கரிபியன் மரப்பல்லிகள்: உருவ ஒற்றுமை உறவைக் காட்டுமா?

கேள்வி:
கரிபியன் தீவுகளின் அனோல் பல்லிகளைப் பற்றிப் படித்துவருகிறேன். கியூபாவிலும் ஜமைக்காவிலும் மெல்லிய குச்சிகளில் வாழும் இனங்களின் படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், குட்டைக் கால், ஒடுங்கிய உடல், மரப்பட்டையோடு கலந்துவிடும் சாம்பல் நிறம் என எல்லாமே ஒத்துப்போகின்றன. ஆனாலும் இவை நெருங்கிய உறவுகள் அல்லவாம். அப்படியானால், புதிதாகக் கிடைக்கும் ஒரு பல்லியின் உறவை எதை வைத்து முடிவுசெய்கிறார்கள்?

பதில் 1:
டி.என்.ஏ.வை வைத்துத்தான். ஜொனாதன் லோசோஸும் உடன் ஆய்வாளர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஜமைக்காவின் குச்சிவாழ் இனமான அனோலிஸ் வாலன்சியன்னிக்கு நெருங்கிய சொந்தம், அதே தீவின் மர உச்சிகளில் வாழும், அதைவிடப் பெரிய, பச்சைப்பசேலென்ற கார்மானி போன்ற இனங்களே. கியூபாவின் குச்சிப்பல்லி தூரத்து உறவுதான். நீண்ட கால்கள் உள்ள பல்லி அகன்ற அடிமரத்தில் வேகமாக ஓடும், ஆனால் விரல் அளவுக் குச்சியில் அடிக்கடி கால் தவறும். குட்டைக்கால் பல்லி மெதுவாகச் சென்றாலும் பிடி நழுவாது. ஒரே தேவை தனித்தனித் தீவுகளில் ஒரே உடலமைப்பை உருவாக்கியதையே குவிப் பரிணாமம் என்கிறோம்.

பதில் 2:
இதற்கு மிகப் பொருத்தமான உதாரணம் அனோலிஸ் லாண்டெஸ்டோயி. டொமினிக்கன் குடியரசின் இயற்கை ஆர்வலர் மிகுவேல் லாண்டெஸ்டோய் கண்டறிந்த இந்தப் பல்லி, 2016இல் அவர் பெயராலேயே புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. குட்டைக் கால், குட்டை வால், நிதான நடை என்று பார்வைக்குப் பச்சோந்தியை ஒத்திருக்கும். அதுவரை இத்தகைய அனோல்கள் கியூபாவில் மட்டுமே அறியப்பட்டிருந்ததால், கடல் கடந்து வந்த கியூபா இனமோ என்ற எண்ணம் எழுவது இயல்பே. மரபணு ஒப்பீடோ அதை வேறொரு கிளையில் வைத்தது. பல பதிற்றாண்டுகள் அலசி ஆராயப்பட்ட ஒரு பேரினத்தில் இவ்வளவு பெரிய பல்லி கண்ணுக்குத் தப்பியிருந்ததை நினைக்க எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படிப்பட்ட பல்லியைக் காட்டில் எப்படித் தேடுகிறார்கள்?

பதில் 2 எழுதியவர்:
பெரும்பாலும் இரவில்தான். பகலில் பட்டையின் நிறத்தில் மறைந்துவிடும் அனோல், குச்சி நுனியிலோ இலை மேலோ உறங்கும்போது கைவிளக்கின் ஒளியில் வெளிறித் தெரியும். கிளையை அசைக்காமல் நெருங்க வேண்டும். சிறு அதிர்வுக்கே விழித்துக்கொள்ளும். லாண்டெஸ்டோயி வாழ்வதோ ஹெய்ட்டி எல்லைக்கு அருகே, நடுத்தர உயரத்தில் உள்ள ஒரு குறுகிய காட்டுப் பகுதியில். அந்தக் காடும் அழிந்துகொண்டிருப்பதால், அறிவித்த ஆய்வாளர்களே அதை மிகுந்த ஆபத்தில் உள்ள இனமாகக் கருதினார்கள்.