செப்டிக் டேங்க் இல்லாத வீடு: அங்கணத்துத் தண்ணியை எங்கே விடுறது?

கரிசக்காட்டான்:
சங்கரன்கோவில் பக்கம் வீடு. கக்கூஸுக்கு இரட்டைக்குழி தனியா இருக்கு, அதுல தொந்தரவு இல்ல. குளிக்கிற தண்ணி, துணி துவைக்கிற தண்ணி, அடுப்படி அங்கணம் எல்லாம் ஒரே பைப்புல வந்து புறவாசல்ல தேங்குது. ஆள் அஞ்சு பேர். மூணடிக்கு மூணடி, மூணடி ஆழம் குழி தோண்டி, கருங்கல் நிரப்பி மூடிரலாம்னு கொத்தனார் சொல்றாரு. சித்திரையில தோண்டி ஊத்திப் பாத்தோம், உடனே இறங்கிருச்சு. ஐப்பசியிலயும் இறங்குமா?

வாய்க்காங்கரை:
இறங்காது தம்பி. கோடையில கரிசல் வெடிச்சுக் கெடக்கும். நீங்க ஊத்தினது வெடிப்புக்குள்ள ஓடிருக்கு, மண்ணு உறிஞ்சல. மழை விழுந்ததும் மண்ணு உப்பி வெடிப்பு மூடிக்கும், அப்புறம் குழி தொட்டி மாதிரிதான். முறையாப் பாக்கணும்னா ஒரு அடி ஆழம் தோண்டி, ஒரு நாள் பூரா தண்ணி நிக்க விடுங்க. மறுநாள் திரும்ப நிரப்பி அளந்து பாருங்க. மணிக்கு ஒரு இஞ்ச் கூட இறங்கலேன்னா உறிஞ்சு குழியை மறந்துருங்க.

கணக்கும் உதைக்குது. ஆளுக்கு 40 லிட்டர் வெச்சாலும் நாளைக்கு 200. உங்க குழியோட கொள்ளளவு 760 லிட்டர் வரும், ஆனா கல்லு போட்டா இடுக்குல நிக்கிறது 300தான். ஒண்ணரை நாள் தண்ணி.

கரிசலுக்கு வாழைப்பாத்திதான் சரி. அஸ்திவாரத்துல இருந்து 15 அடியாவது தள்ளி, 20 அடி நீளம், ரெண்டடி அகலம், ஒண்ணரை அடி ஆழத்துல ரெண்டு வாய்க்கால் வெட்டுங்க. தேங்காய் மட்டை, சுள்ளி, சருகு போட்டு நிரப்பி, ரெண்டு கரையிலயும் வாழையும் கல்வாழையும் வைங்க. வளந்த வாழை கோடையில நாளைக்கு 15, 20 லிட்டர் குடிக்கும், அதனால பத்து மூடுக்கு (பத்து வாழைக்கு) குறையக் கூடாது. வாரம் ஒரு வாய்க்கால்னு மாத்தி விடுங்க. காயாத மண்ணுதான் நாறும். அடைமழைக்கு மிச்சத் தண்ணி வயப்பக்கம் வடிய ஒரு மடை வைங்க, தெருப்பக்கம் வேண்டாம்.

கொத்துவேலை:
அடுப்படித் தண்ணியை மத்ததோட சேக்குறதுக்கு முன்னாடியே பிரிச்சு, எண்ணெய்த் தொட்டி வழியா விடுங்க. மூடி போட்ட 50 லிட்டர் டிரம் போதும். உள்ள வர்ற பைப்பை விட வெளிய போற பைப் ரெண்டு இஞ்ச் கீழ. ரெண்டுலயும் டீ (T வடிவ இணைப்பு) மாட்டி, வெளிய போற டீயோட காலை டிரம்முல பாதி ஆழம் வரைக்கும் இறக்குங்க. எண்ணெய் மேல மிதக்கும், சோத்துப் பருக்கை அடியில தங்கும், நடுத்தண்ணி மட்டும் போகும். வாரம் ஒருக்க மேல படிஞ்ச ஆடையை வழிச்சு எடுக்கணும். விட்டா அது வாய்க்கால்ல படிஞ்சு மண்ணு துவாரத்தை அடைச்சிரும். பாதிப்பேரு குழி கெடுறது இதனாலதான், பழி மண்ணு மேல போகும். குளிக்கிற தண்ணியை இந்த டிரம்முல விடாதீங்க, சோப்பு எண்ணெயைக் கரைச்சிரும்.

பைப் 3 இஞ்ச், பத்தடிக்கு ரெண்டு இஞ்ச் வாட்டம். நேர் ஓட்டமா இருக்கட்டும், வளைவுல ஒரு சேம்பர், அதாவது திறந்து பாக்குற சின்னத் தொட்டி.

தேரிமண்:
திசையன்விளைப் பக்கம் இதுக்கு நேர் எதிர். தேரிமணல், அதான் எங்க ஊரு செம்மணல், நிமிஷத்துல உறிஞ்சிரும், வடிகட்டாமலே கிணத்துல சேத்துரும். சிமெண்ட் உறை இறக்கி, சுத்தி அரையடி ஜல்லி போட்டுத்தான் குழி நிக்கும், இல்லேன்னா மணல் சரியும். கிணத்துக்கும் குழிக்கும் 50 அடி விடுங்க. குழிக்கு அடியில மழைக்காலத்து நீர்மட்டம் வரைக்கும் ஆறடி காஞ்ச மண்ணு இருக்கணும்.

கரிசக்காட்டான்:
போர்த் தண்ணி உப்பு. துணி துவைக்க பவுடர் ரொம்ப ஆகுது. வாழை தாங்குமா? கீரையும் போடலாமா?

வாய்க்காங்கரை:
வாழை உப்புக்கு ரோஷக்காரி. இலை ஓரம் கருகுதுன்னா அதுதான். கல்வாழையும் தென்னையும் அதைவிடத் தாங்கும். பவுடர்ல இருக்கிற சோடியம் கரிசலை இறுக்கிப் போடும்; வருஷத்துக்கு ஒருக்க மூட்டுக்கு அரைக்கிலோ ஜிப்சம் தூவி, நல்ல மழையில அலச விடுங்க. பிளீச்சிங் தண்ணியும், பிள்ளைத்துணி அலசின தண்ணியும் இதுல வேண்டாம், பிள்ளைத்துணித் தண்ணி கக்கூஸுக்குப் போகட்டும். கீரை, வெங்காயம், முள்ளங்கி கூடாது. தண்ணி மட்டம் எப்பவும் சருகுக்குக் கீழயே இருக்கணும். மேல தெரிஞ்சா ஒரு வாரத்துல கொசு வந்துரும்.