அம்மாவின் மருத்துவ ரிப்போர்ட்டுகள் பென் டிரைவில்: புதுப்பிப்பு

கடலூரிலும் புதுச்சேரியிலுமாக அம்மாவுக்கு வைத்தியம் நடப்பதால், ரிப்போர்ட் எல்லாவற்றையும் பென் டிரைவில் கொண்டுபோகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போதைய நிலவரம் இது.

வைரஸ் பயத்தால் பல மருத்துவமனைக் கணினிகளில் வெளியாள் பென் டிரைவைச் செருக விடுவதில்லை. ஆனாலும் ஸ்கேனுக்கு அது வேண்டும். ஃபிலிமை ஃபோனில் படம் எடுத்தால் போதாது. டைகாம் (DICOM) கோப்பாக, அதாவது ஸ்கேன் எந்திரம் தரும் மூலப் படக் கோப்பாக, இருந்தால்தான் மருத்துவர் ஒவ்வொரு அடுக்காக நகர்த்தி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க முடியும். ஸ்கேன் சென்டரில் அந்தக் கோப்புகளைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். பென் டிரைவுக்குக் கடவுச்சொல்லும் போடுங்கள்.

அப்புறம், 14 இலக்க ஆபா (ABHA) எண். நம் மருத்துவப் பதிவுகளை டிஜிட்டலாக ஒன்றிணைக்க மத்திய அரசுத் திட்டத்தில் தரும் அடையாள எண் இது. 2020-ல் இந்தத் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கிய ஆறு யூனியன் பிரதேசங்களில் புதுச்சேரியும் ஒன்று. நாம் சம்மதம் கொடுத்தால்தான் இன்னொரு மருத்துவர் பதிவுகளைப் பார்க்கலாம், அது எனக்குப் பிடித்திருக்கிறது. பழைய சீட்டுகளை மட்டும் நாமேதான் ஏற்ற வேண்டும்.

அவசரத்துக்கு, இரத்த வகை, பென்சிலின் ஒவ்வாமை, மாத்திரைப் பெயர்கள் மூன்றும் அம்மா ஃபோனின் பூட்டுத் திரையிலேயே தெரியும்படி வைத்தாயிற்று. சார்ஜ் தீர்ந்துபோனால்? அதையே தாளில் எழுதி அவர் பர்ஸிலும் வைத்திருக்கிறேன். மாத்திரை மாறினால் இரண்டையும் மாற்றுங்கள், தேதியும் போடுங்கள்.