போன ஜென்மத்துல உங்க வீட்டுப் பூனை யார்கிட்ட இருந்துச்சு?

காரைக்குடிப் பேரன்:
எங்க ஆயா வீட்டுப் பூனைய ஒரு தடவ பாத்தீங்கன்னா நம்பிருவீங்க, இது சாதாரண வீட்டுல வளந்ததே இல்ல. முகப்புத் திண்ணையில உக்காந்துக்கிட்டு வர்றவன் போறவன் எல்லாரையும் வட்டி பாக்கி வச்சவன் மாதிரி ஒரு பார்வை. லீவுக்குப் போனப்ப பாத்துக்கிட்டே இருந்தேனா, கதை பிடிபட்டுருச்சு. கோட்டையூர்ல வள்ளல் அழகப்பர் வீட்டுல இருந்திருக்கு இது. பாவம். 1947ல காலேஜ் ஆரம்பிச்சாரு, சரி நமக்கென்னன்னு இது தூங்கிருச்சு. எந்திரிச்சுப் பாத்தா இது எலி புடிக்கிற பொட்டலும் சேத்து 300 ஏக்கர், கூட 15 லட்சம் ரூபா, சிக்ரின்னு மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வரணும்னு எழுதிக் குடுத்தாச்சு. 1948 ஜூலைல நேரு வந்து அடிக்கல் நாட்டுறாரு, இது பந்தக்கால்ல நகத்த தீட்டிக்கிட்டே மொறைச்சுக்கிட்டு நிக்குது. கடைசில பொம்பளப் புள்ளைங்க காலேஜுக்குன்னு குடியிருந்த வீட்டையே குடுத்தாரு பாருங்க, அன்னைக்கு விழுந்த அடிதான், இன்னைக்கும் யாராச்சும் கைய நீட்டுனா எந்திரிச்சுப் போயிரும், நன்கொடை கேக்க வந்திருக்காகன்னு.

கானாடுகாத்தான் மருமக:
எங்க வெள்ளச்சி பாரதியார் கோஷ்டி. 1919ல அவரு எங்க ஊருக்கு வை.சு. சண்முகம் செட்டியார் வீட்டுக்கு வந்தாருல்ல, அப்ப கூடவே வந்து எறங்கினது. முரசு பாட்டுல வெள்ளப்பூனை ஒண்ணு நாலு குட்டி போடுமே, சாம்பல், கருஞ்சாந்து, பாம்பு நெறம், பால் நெறம்னு, அதேதான். இப்பவும் நாலு போட்டு ஆத்தங்குடிக் கல்லுல படுக்க வச்சிருக்கு. எங்க மாமியா "ஏண்டி ஒண்ணொண்ணும் ஒரு கலரா இருக்கு"ன்னு அதுகிட்டயே கேக்குறாக, அது ஒரு பார்வை பாத்துச்சு, பாட்டுலயே இருக்கு போய்ப் படிங்கன்னு. காரைக்குடியில இந்து மதாபிமான சங்கத்துக்காரங்களோட எடுத்த போட்டோல மட்டும் ஏன் இல்லைன்னு கேக்காதீங்க, அந்தக் காலத்துக் கேமராவுக்கு அசையாம இருக்கணும், ஒரு பூனைகிட்ட போய் அதச் சொல்ல முடியுமா?

எங்க வீட்டுக் கடுவன்:
சிறுகூடல்பட்டி. கண்ணதாசன் பொறந்த ஊரு. ராத்திரி ஓட்டு மேல ஏறி ஒரு தத்துவம், விடிஞ்சா அதுக்கு நேர் எதிரா இன்னொரு தத்துவம். வேற ஆதாரம் வேணுமா?

நாட்டரசன்கோட்டைக்காரன்:
எல்லாரும் கொஞ்சம் ஒதுங்குங்க. கம்பர் சமாதி எங்க ஊர்லதான் இருக்கு. நீங்க சொன்னதெல்லாம் பூனை வளத்தவங்க கதை, கம்பர் தன்னையே பூனைன்னு சொல்லிக்கிட்டவரு. அவையடக்கத்துல பாருங்க, பாற்கடலை மொத்தமா நக்கிக் குடிச்சிரலாம்னு கெளம்பின பூனை மாதிரி நான் ராமன் கதைய சொல்ல வந்திருக்கேன்னு பாடி வச்சிருக்காரு. சும்மா தோணுமா இது? ஓலையும் எழுத்தாணியுமா மனுசன் யோசிச்சுக்கிட்டு இருக்கயில பக்கத்துல ஒண்ணு பால் செம்புக்குள்ள தலைய விட்டுட்டு வெளிய எடுக்க முடியாம வீடு பூரா முட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கும், அதப் பாத்துட்டுத்தான் எழுதியிருப்பாரு, என்னைய கேட்டா அதுக்கும் காப்பியத்துல ஒரு பங்கு உண்டு. அந்தப் பாட்டுல பூனைக்கு அவரு போட்ட சொல்லு 'பூசை'. இத ஞாபகம் வச்சுக்கங்க, இதாலதான் எனக்கு வெனை.

போன வெள்ளிக்கிழமை அப்பத்தா பூசைக்குன்னு காச்சி சாமி வீட்டுல வச்ச பால் ஒரு சொட்டு இல்ல. நம்ம ஆளு வளவுல தூணோரமா படுத்து மீசைய நக்கிக்கிட்டு இருக்கு. "பூசைக்கு வச்ச பாலுடா அது"ன்னு அப்பத்தா போட்ட சத்தம் ரெண்டாங்கட்டு வரைக்கும் கேக்குது. நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். "அப்பத்தா, கம்பர் தமிழ்ல பூசைன்னா பூனை, அதுக்கு வச்சத அது குடிச்சிருச்சு, இதுல என்ன தப்பு"ன்னுட்டேன்.

"அப்படியா ராசா, அப்ப இன்னைக்குக் காப்பியும் உனக்குக் கம்பரே வந்து போட்டுத் தருவாரு."

மணி ஆறு ஆச்சு, கம்பர் இன்னும் வரல.