படபடப்புக்குப் பயந்து உடற்பயிற்சியை விட்டவர்கள் எப்படி மறுபடி தொடங்குவது? (பெங்களூரு)

அல்சூர்வாசி:
தங்கைக்கு 28 வயசு. மனச்சோர்வு, கூடவே பதற்றம். மாத்திரை போகுது. உடம்பை அசைக்கணும்னு டாக்டர் சொன்னதால ஏரோபிக்ஸ்ல சேர்த்தோம். நெஞ்சு படபடன்னு அடிக்கவும் பயந்து நிறுத்திட்டா. டான்ஸ் தெரபி ஒத்துவருமா?

ஜெயநகர் பிசியோ:
முதல்ல டாக்டர்கிட்ட ஈசிஜி, தைராய்டு, ஹீமோகுளோபின் பார்க்கணுமான்னு கேளுங்க. ரத்தசோகையும் இதே படபடப்பைத் தரும். எல்லாம் சரியா இருந்தா, பதற்றம் உள்ளவங்களுக்கு வேகமான இதயத்துடிப்பே பேனிக் (திடீர்னு தாக்குற கடும் பயம்) வர்ற மாதிரி தோணும். அதுதான் இங்க சிக்கல்.

சமதரையில 10 நிமிஷ நடைல ஆரம்பிங்க, பேசிக்கிட்டே நடக்கிற வேகம். வாராவாரம் ரெண்டு மூணு நிமிஷம் கூட்டுங்க. அது பழகினதும் நடுவுல 30 விநாடி வேகம், பிறகு மெதுவா. துடிப்பு ஏறும், தானாவே இறங்கும். அதைத் திரும்பத் திரும்ப உணர்ந்தாத்தான் பயம் விடும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற வாரம் 150 நிமிஷம் போகப்போக எட்ட வேண்டியது, இப்பவே அதைக் காட்டி அவங்களை மலைக்க வைக்காதீங்க. முடிச்சதும் டக்குனு உட்கார்ந்தா தலை சுத்தும், 5 நிமிஷம் மெல்ல நடக்கட்டும்.

படபடப்பைக் குறைக்கத் தர்ற ப்ரொப்ரனலால் மாத்திரை எடுத்தா துடிப்பு அவ்வளவா ஏறாது, வாட்ச் கணக்கை நம்பி வேகம் கூட்டாதீங்க. மனநிலையைச் சீராக்கத் தர்ற லித்தியம் மருந்துன்னா ரொம்ப வியர்த்து நீர் வத்தக் கூடாது, ரத்தத்துல மருந்தளவு ஏறிடும்.

அசைவும்_மனமும்:
டான்ஸ் தெரபி வேற, டான்ஸ் கிளாஸ் வேற. 1940கள்ல வாஷிங்டன் செயின்ட் எலிசபெத்ஸ் மருத்துவமனையில மேரியன் சேஸ் வளர்த்த முறை இது. வந்தவர் தோளைக் குறுக்கி விரலை மட்டும் ஆட்டினா, தெரபிஸ்டும் அதையே செய்வார்; அங்கிருந்து கை, தோள்னு மெல்ல விரியும். ஸ்டெப் தப்புன்னு திருத்துற இடம் தெரபி இல்லை. எங்க பயிற்சி எடுத்தாங்கன்னு கேளுங்க. மாத்திரையை நிறுத்தலாம்னு சொன்னா அப்பவே எழுந்து வந்துடுங்க.

கோரமங்களா_யோகா:
கபாலபாதி, பஸ்திரிகா மாதிரி வேக மூச்சுப் பயிற்சி இப்போதைக்கு வேண்டாம். வேகமா மூச்சு விட்டா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சு விரல் மரத்து, தலை கிறுகிறுக்கும், பேனிக்னே நினைச்சுடுவாங்க. 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடட்டும். ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில யோகா சிகிச்சையும் உண்டு, விசாரிங்க.

மனசு வரட்டும்னு காத்திருந்தா மனச்சோர்வுல அது வரவே வராது. "நடக்கப் போலாமா"ன்னு கேட்காதீங்க, "வா, ஷூ மாட்டு, கேட் வரைக்கும் போவோம்"னு கூடவே கிளம்புங்க. வாழப் பிடிக்கலைங்கற மாதிரி பேசினா பயிற்சியெல்லாம் அப்புறம், அவளைத் தனியா விடாம உடனே டாக்டர்கிட்ட போங்க. அரசோட மனநல உதவி எண் டெலி மனஸ் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயும் பேசலாம்.