6 அங்குல மூடிக்கு எந்த டி.சி. கிளாம்ப் பாதுகாப்பானது?

கேள்வி

வணக்கம். எலுமிச்சை, ஆரஞ்சுச் சாறுகளில் கார்பன் டை ஆக்சைடு ஏற்றிப் புட்டியில் அடைக்கும் சிறு கூடம் ஒன்றை நடத்தி வருகிறேன். 6 அங்குல விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் கொண்ட எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு) குழாயைக் கலனாக்கி, அதன் மேல்மூடியை டி.சி. கிளாம்ப் (விளிம்புகளைச் சுற்றிப் பிடித்து இறுக்கும் வளையம்) கொண்டு பூட்ட எண்ணியுள்ளேன். சாற்றை 4 டிகிரி செல்சியசுக்குக் குளிர்வித்து, 4 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) அழுத்தத்தில் வாயுவை ஏற்றுவதே திட்டம். விங் நட் (கையால் திருகும் இறக்கை வடிவ நட்டு) கொண்ட ஒற்றைக் கீல் கிளாம்ப், இரண்டு போல்ட் கொண்ட கனமான கிளாம்ப் ஆகிய இரண்டையும் விற்பனையாளர் காட்டினார். முதல் வகையே 30 பார் தாங்கும் என்று அவர் உறுதி கூறுகிறார். எங்கள் ஒன்றரை அங்குலக் குழாய்களில் அதே வகை ஒருமுறைகூடக் கசிந்ததில்லை. அப்படியிருக்க, கூடுதல் விலை கொடுத்து இரண்டாவதை வாங்குவது அவசியமா?

பதில் 1

அவர் சொன்ன 30 பார் எந்த அளவுக்கு உரியது என்பதை முதலில் கேளுங்கள். அது பெரும்பாலும் ஒன்றரை அங்குலக் கிளாம்புக்கான எண்ணாகத்தான் இருக்கும். 4 பார் அழுத்தத்தில் ஒன்றரை அங்குல மூடியை வெளியே தள்ளும் விசை ஏறத்தாழ 46 கிலோ. 6 அங்குல மூடியைத் தள்ளுவதோ ஏறத்தாழ 740 கிலோ. விட்டம் நான்கு மடங்காகும்போது விசை பதினாறு மடங்காகிறது. ஆனால் கிளாம்பின் கனமும் போல்ட்டின் தடிமனும் அந்த விகிதத்தில் கூடுவதில்லை. ஆகவேதான் ஒரே மாதிரிக் கிளாம்பாயினும் அளவு பெரிதாகப் பெரிதாகத் தாங்கும் அழுத்தம் குறைந்துகொண்டே வருவதைத் தயாரிப்பாளர்களின் அட்டவணைகளில் காணலாம். நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும், வெப்பநிலை எவ்வளவு என்ற நிபந்தனைகளோடுதான் அந்த எண்களும் தரப்படுகின்றன. 6 அங்குலத்துக்கான அட்டவணையைத் தயாரிப்பாளரின் பெயரோடு எழுத்தில் தர இயலாத கடையில் அந்தக் கிளாம்பை வாங்காதீர்கள். கிளாம்ப் மட்டுமின்றி ஃபெர்ரூல் (கிளாம்ப் பிடிக்கும் விளிம்பு வளையம்), கேஸ்கெட் (இடையே வைக்கும் கசிவுத் தடுப்பு வளையம்), பற்றவைப்பு, பார்வைக் கண்ணாடி ஆகியவற்றில் எது மிகக் குறைவாகத் தாங்குமோ, அதுவே உங்கள் கலனின் எல்லை.

பதில் 2

பால் பதப்படுத்தும் ஆலையொன்றில் பல ஆண்டுகள் பராமரிப்புப் பணியில் இருந்தவன் என்ற முறையில், இதை அழுத்தமாகவே சொல்கிறேன். நான் கண்ட விபத்தில் கிளாம்ப் உடையவில்லை. உள்ளே அழுத்தம் இருக்கும்போதே அதைத் திறந்துவிட்டார்கள். அழுத்தமானியின் முள் பழுதாகிப் பூஜ்யத்திலேயே நின்றிருந்தது. அதை நம்பிய உடன் பணியாளர் ஒருவர் விங் நட்டைக் கையால் தளர்த்தியதும், கிளாம்ப் ஒரேயடியாக விரிந்து மூடி அவர் தோளில் மோதியது. சற்று மேலே பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

கருவியின்றி நொடியில் திறக்க முடிவது கழுவும் குழாய்களுக்கு வசதி. வாயு நிரம்பிய கலனுக்கு அதுவே ஆபத்து. இரண்டு போல்ட் கிளாம்பைத் திறக்க ஸ்பானர் வேண்டும். இரு பக்கமும் சிறிது சிறிதாகத் தளர்த்தும்போது, மிச்ச வாயு இருந்தால் சீறும் ஒலி முன்கூட்டியே எச்சரிக்கும். ஆயினும் அந்த ஒலியை மட்டும் நம்பாமல், மூடியிலேயே ஒரு சிறு வடிகால் வால்வை வைத்து, அதைத் திறந்துவிட்ட பிறகே ஸ்பானரைத் தொடுங்கள். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டில் அதே எஃகு நட்டு உராய்ந்து இறுகிக்கொள்ளும். நட்டு முறுக்கேறாமல் நிற்பதைக் கிளாம்ப் இறுகிவிட்டதாக எண்ணி ஏமாறுவதும் உண்டு. பித்தளை அல்லது வெண்கல நட்டு அதைத் தவிர்க்கும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இரண்டு போல்ட் வகையையே வாங்குகிறேன், வடிகால் வால்வையும் சேர்க்கிறேன். சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரை 4 பாரில் வைத்திருப்பதால், அழுத்தம் அதற்கு மேல் ஏற வாய்ப்பில்லை என்று கொள்ளலாமா?

பதில் 3

கொள்ளக் கூடாது, அழுத்தம் ஏற இரண்டு வழிகள் உள்ளன. 30 டிகிரி வெப்பத்தில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரின் உள்ளே சுமார் 72 பார் இருக்கும்; ரெகுலேட்டரின் உள்ளே வாயுவை அடைக்கும் இருக்கை (சீட்) பழுதானால் அது கலனை நோக்கி வரும். இரண்டாவது வழியைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. 4 டிகிரியில் வாயுவை உறிஞ்சிய சாறு, மின்தடையால் 35 டிகிரி வரை சூடேறினால், கரைந்திருந்த வாயு வெளியேறும். சிலிண்டரை மூடியிருந்தாலும், கலனின் அழுத்தம் இரண்டு மடங்குக்கும் மேலாக உயரும்.

ஆகவே அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் பாதுகாப்பு வால்வு கட்டாயம். அது திறக்கும் அழுத்தம் கலனின் எல்லையைத் தாண்டக் கூடாது. அதற்கும் கலனுக்கும் இடையே வேறெந்த வால்வும் இருக்கக் கூடாது. ரெகுலேட்டர் முழுவதும் திறந்துகொண்டாலும் வரும் வாயுவை வெளியேற்றும் கொள்ளளவு அதற்கு வேண்டும். சாற்றின் சக்கையும் நுரையும் அடைத்துவிடாதபடி, சாற்றுக்கு மேலே காலி இடம் விட்டு, பாதுகாப்பு வால்வை மூடியில் பொருத்துங்கள். இந்தியாவில் 2025 நவம்பர் வரை நடைமுறையிலிருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 31ஆம் பிரிவும், பாதுகாப்பான அழுத்தம் மீறப்படாமலிருக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது.

கேஸ்கெட்டிலும் கவனம் தேவை. எலுமிச்சைத் தோல் எண்ணெயில் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் உப்பிவிடும்; சிலிகான் வழியே வாயு மெல்லக் கசியும். உணவுத் தர வைட்டான் (ஃபுளோரின் கலந்த ரப்பர்) உங்களுக்குப் பொருந்தும். டெஃப்லான் நாளடைவில் அழுந்தி ஒதுங்குவதால், அதைத் தேர்ந்தால் அவ்வப்போது மறுபடி முறுக்க வேண்டியிருக்கும்.

முதல் சோதனையைக் காற்றிலோ வாயுவிலோ செய்யாதீர்கள். உள்ளிருக்கும் காற்று முழுவதையும் வெளியேற்றித் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பினால் வடிவமைப்பு அழுத்தத்தின் 1.3 மடங்கு வரை ஏற்றுங்கள்; அந்நேரம் பாதுகாப்பு வால்வின் இடத்தை அடைப்பானால் மூடிவைத்து, பிறகு மறவாமல் வால்வைப் பொருத்துங்கள். தண்ணீர் அமுங்காததால், ஏதேனும் விட்டுக்கொடுத்தாலும் அழுத்தம் உடனே விழுந்துவிடும். வாயு அப்படி விழாமல் மூடியைத் துரத்திக்கொண்டே வரும்.